கரி பூசிய முகம்: நம் ஊர்த் தமிழ்ச் சங்க நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். வர்ஜீனியாவுக்கு வந்த நாளிலிருந்து நான் சங்க உறுப்பினன். மேடை ஏறியதில்லை, பந்தியில் சாம்பார் வாளி தூக்குகிறவர்களில் ஒருவன்.

இந்த ஆண்டும் பொங்கல் விழாவை மார்ட்டின் லூதர் கிங் நாளுக்கு முந்தைய ஞாயிறன்று வைத்தீர்கள். மறுநாள் விடுமுறை, வெளியூர்க்காரர்களும் வரலாம் என்று அழைப்பிதழில் இருந்தது. அது யாருக்காக விட்ட விடுமுறை என்று ஒரு வரி இல்லை.

அன்றைய சிறுவர் நாடகத்தில் திருடனாக வந்த பையனுக்கு முகம் முழுக்கக் கரி பூசி, சுருட்டை முடி வைத்து, கறுப்பின இளைஞர்களைப் போல நடக்கவும் பேசவும் பழக்கியிருந்தார்கள். அரங்கம் சிரித்தது. நானும் சிரித்தேன். காலி வாளியோடு திரும்பியபோது பின்கதவருகே, விழா நடந்த பள்ளியின் துப்புரவுப் பணியாளர் நின்றிருந்தார். கறுப்பினத்தவர், அறுபது வயதிருக்கும். ஞாயிற்றுக்கிழமையில் நமக்காகக் கதவு திறக்க வந்தவர். மேடையைச் சற்று நேரம் பார்த்தார். கையிலிருந்த குப்பைப் பையின் வாயை முடிச்சுப் போட்டார். வெளியே போய்விட்டார். அவருக்கென்று நாம் கட்டிவைத்த சாப்பாடு விழா முடியும்வரை மேசையிலேயே கிடந்தது.

இதைச் சொன்னபோது குழுவில் ஒருவர், "நம் கூத்தில் பூசாத கரியா?" என்றார். கூத்தில் பூசுவது அரிதாரம். இந்த நாட்டில் அந்தக் கரிக்கு வேறு கதை உண்டு. 19ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்கார நடிகர்கள் கார்க்கைச் சுட்டு முகத்தில் பூசிக்கொண்டு, அடிமைகளைக் கோமாளிகளாக்கி ஊர் ஊராக ஆடினார்கள். அப்படி வந்த வேடங்களில் ஒன்றின் பெயர் ஜிம் க்ரோ. கறுப்பினத்தவரைப் பள்ளியிலும் ரயிலிலும் தனியே ஒதுக்கிய சட்டங்களுக்குப் பிற்காலத்தில் அந்தப் பெயரே நிலைத்தது. 2019இல் நம் மாநில ஆளுநரின் பழைய மருத்துவக் கல்லூரி மலரில் இப்படிக் கரி பூசிய ஒருவரின் படம் வெளிவந்து, பதவி விலகச் சொல்லி எத்தனை குரல்கள் எழுந்தன! நாம் அப்போது இங்கேதான் இருந்தோம். திருடன் என்றால் கறுப்பு என்பதை மட்டும் நாம் இங்கே வந்து கற்கவில்லை. ஊரிலிருந்து பெட்டியில் வைத்தே கொண்டுவந்தோம். கரியே தேவைப்படாத நிறத்தில் நம்மில் பாதிப் பேர் இருப்பது வேறு கதை.

நாம் இந்த நாட்டுக்குள் வந்த வழியையும் நினைத்துப் பாருங்கள். 1923இல் பகத் சிங் திண்ட் வழக்கில், இந்தியர்கள் வெள்ளையர் அல்லர், ஆகவே குடியுரிமை இல்லை என்றது உச்ச நீதிமன்றம். 1946இல் கதவைக் கொஞ்சம் திறந்தார்கள்: ஆண்டுக்கு நூறு இந்தியர். அந்த வரம்பை நீக்கிய குடியேற்றச் சட்டம் கையெழுத்தானது 1965 அக்டோபரில். கறுப்பினத்தவரின் வாக்குரிமைச் சட்டம் அதற்கு இரண்டே மாதங்கள் முன்பு, ஆகஸ்டில். அலபாமா மாநிலத்தின் செல்மாவில் வாக்குரிமை கேட்டு அவர்கள் தடியடி பட்ட ஆண்டில் நமக்கு வாசல் திறந்தது தற்செயல் அல்ல. குடியேற ஆள் எடுப்பதில் இனம் பார்ப்பது அவமானம் என்ற எண்ணத்தை நாடாளுமன்றம்வரை தள்ளிக்கொண்டு போனது அவர்களுடைய போராட்டம்தான்.

பழைய கதை என்பீர்கள். நம் மாநிலத்திலேயே இருக்கும் ஃபார்ம்வில் ஊருக்குப் போய்ப் பாருங்கள். 180 கறுப்பின மாணவர்களுக்கென்று கட்டிய மோட்டன் உயர்நிலைப் பள்ளியில் 450 பேருக்கு மேல் அடைத்தார்கள். இடம் போதாமல் தார்த்தாள் ஒட்டிய கொட்டகைகளில் வகுப்பு நடந்தது. 1951 ஏப்ரலில் பார்பரா ஜான்ஸ் என்ற 16 வயது மாணவி தோழர்களைத் திரட்டி வேலைநிறுத்தம் செய்தார். பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்ற 1954 உச்ச நீதிமன்றத் தீர்ப்பில், அந்த வேலைநிறுத்தத்திலிருந்து எழுந்த வழக்கும் சேர்ந்தது. அதற்கு மாவட்டம் என்ன செய்தது தெரியுமா? இரு இனக் குழந்தைகளையும் சேர்த்து உட்கார வைப்பதைவிட மேல் என்று 1959இல் பொதுப் பள்ளிகளையே இழுத்து மூடியது. வெள்ளைக் குழந்தைகளுக்குத் தனியார் பள்ளி முளைத்தது. கறுப்பினக் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு 1964வரை பள்ளியே இல்லை. அன்று ஏழு வயதில் வீட்டில் உட்கார்ந்தவருக்கு இன்று எழுபது சொச்சம். கடையில் உங்களுக்கு முன்னால் வரிசையில் நிற்கக்கூடும்.

எதுவும் மாறவில்லை என்று சொல்ல மாட்டேன். தேர்தலில் வென்று மாநில ஆளுநரான முதல் கறுப்பினத்தவரை 1989இல் தேர்ந்தெடுத்தது இதே வர்ஜீனியா. டக்ளஸ் வைல்டர், அடிமைகளின் பேரன். ஆனாலும் 2022 கணக்கில் சொத்து வரிசையில் நட்டநடுவே நிற்கும் வெள்ளைக் குடும்பத்தின் சொத்து சுமார் 2,85,000 டாலர். அதேபோல் நடுவே நிற்கும் கறுப்பினக் குடும்பத்துக்கு 45,000கூட இல்லை. புதிதாக வருகிறவரிடம், கறுப்பினத்தவர் வாழும் பகுதியைச் சொல்லி, பந்தியிலேயே "அந்தப் பக்கம் வீடு பார்க்காதீர்கள்" என்று காதைக் கடிக்கும்போது நாமும் அந்தக் கணக்கில் கை வைக்கிறோம்.

கேட்பது மூன்றுதான். அடுத்த விழா அழைப்பிதழில் கிங் நாள் என்று அச்சிடுங்கள். நாடகக் கதைகளை ஒத்திகைக்கு முன்பே குழு படித்துப் பார்க்கட்டும். மோட்டன் பள்ளி இப்போது அருங்காட்சியகம். தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளை ஒரு சனிக்கிழமை அழைத்துப் போவோம், வேன் ஓட்ட நான் வருகிறேன்.

அந்தப் பணியாளரிடம் நான் தனியாக மன்னிப்புக் கேட்டேன். "சங்கத்தின் சார்பிலா?" என்று கேட்டார். என்னால் ஆம் என்று சொல்ல முடியவில்லை.

இப்படிக்கு,
பந்தியில் பரிமாறும் உறுப்பினன்