விடுப்பையும் சேர்த்து விலை சொல்

அன்பு மகளுக்கு,

"ஒரு நாள் வரையாவிட்டால் ஒரு நாள் வருமானம் போய்விடுமே அம்மா" என்று நீ தொலைபேசியில் சொன்னதைப் பற்றித்தான் இக்கடிதம்.

அரசுப் பள்ளியில் கணித ஆசிரியையாக இருந்த எனக்கு மே மாதம் பள்ளி மூடியிருந்தபோதும் சம்பளம் வந்தது. ஓய்வுக்கான பணம் ஊதியத்துக்குள்ளேயே இருந்தது. ஃப்ரீலான்ஸ் ஓவியரான உனக்கு அதைத் தர முதலாளி இல்லை என்பதால், உன் கட்டணத்துக்குள் நீயேதான் அதை வைத்தாக வேண்டும். ஆண்டுக்கு 6,90,000 ரூபாய் தேவை என்று வைத்துக்கொள். 365-ஆல் வகுத்தால் நாளுக்கு ஏறத்தாழ 1,890 ரூபாய் வருகிறது. இந்த விலைக்கு வேலை எடுத்தால் ஞாயிற்றுக்கிழமைகூட இழப்பாகத்தான் தெரியும். 52 வாரங்களில் விடுப்புக்கும் பண்டிகைக்கும் காய்ச்சலுக்குமாக ஆறு வாரங்களைக் கழித்து, மீதியில் வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் 230-ஆல் வகுத்துப் பார்: நாளுக்கு 3,000 ரூபாய். பாக்கியைக் கேட்டு அலையும் நேரத்தை நான் இதில் சேர்க்கவேயில்லை. இந்த விலையைக் கேட்கத் தயங்குவாய் என்று தெரியும்; தயங்காதே.

பணத்தை விடு, படத்துக்கே ஓய்வு வேண்டும். பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஆன்றி புவான்காரே, கணிதத்தையே மறந்து நிலவியல் பயணம் ஒன்றில் இருந்தபோது, கூத்தான்ஸ் ஊரில் வண்டியில் ஏறப் படியில் கால் வைத்த கணத்தில் ஒரு பெரிய விடை தமக்குத் தோன்றியதாக 1908-இல் வெளியான நூலில் எழுதியிருக்கிறார். அதற்கு முன்னும் பின்னும் மேசையில் அமர்ந்து உழைக்காவிட்டால் அப்படிப்பட்ட கணம் பயன் தராது என்றும் அவரே சொல்வதால், நான் சோம்பலுக்குப் பரிந்து பேசவில்லை. ஆனால் பேருந்துப் படியில் ஏறும்போதும் உன் கண் வாட்ஸ்அப்பில் இருந்தால், எந்த எண்ணம்தான் உன்னிடம் வந்து சேரும்?

வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிட 35 விழுக்காடு கூடுதல் என்று உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் கணித்தன. அதைப் படித்ததிலிருந்து எனக்கு உன் நினைவுதான்.

ஆயுத பூசையன்று கருவிகளைத் துடைத்துப் பொட்டு வைத்தால் விஜயதசமி வரை தொடாமலிருப்பது நம் வீட்டு வழக்கம். சென்ற ஆண்டு லேப்டாப்புக்குப் பொட்டு வைத்த கையோடு அதைத் திறந்து நீ திருத்தம் அனுப்பியதை என் மனம் பொறுக்கவில்லை. இவ்வாண்டு வரும் தேதிகளை வாடிக்கையாளர்களுக்கு இப்போதே தெரிவித்துவிடு. மாலை ஏழு மணிக்குப் பின் வரும் செய்திக்கு மறுநாள்தான் பதில் என்பதையும், இரண்டு திருத்தங்களுக்கு மேல் தனிக் கட்டணம் என்பதையும் அடுத்த ஒப்பந்தத்திலேயே எழுது. ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்பே தொடங்கிவிடும். தேதியைச் சொன்னால் அப்பா டிக்கெட் எடுத்துவிடுவார்.

அன்புடன்,
அம்மா