காலைப் பெரட்டில் கால் மணி நேரம் பாம்புக்கு: நீலகிரி எஸ்டேட் நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

குன்னூர், கோத்தகிரி, குந்தா பக்கம் தேயிலைத் தோட்டம் நடத்தும் நிர்வாகங்களுக்கும் சிறு தேயிலை விவசாயிகள் சங்கங்களுக்கும்,

வணக்கம். நேராக விஷயத்துக்கு வருகிறேன். தினமும் காலைப் பெரட்டில், அதாவது வேலைக்கு ஆள் கூடும் நேரத்தில், யார் கொழுந்துக்கு, யார் கவாத்துக்கு (செடியை வெட்டிவிட), யார் மருந்தடிக்க என்று ஆள் பிரித்து அனுப்புகிறீர்கள். மாதத்தில் ஒரு நாள் அந்தப் பெரட்டில் கால் மணி நேரம் பாம்பைப் பற்றிப் பேசுவதற்கு ஒதுக்குங்கள். மேஸ்திரிகளும் சூப்பர்வைசர்களும் கட்டாயம் நின்று கேட்க வேண்டும், ஏனென்றால் "அடி, விடாதே" என்ற குரல் பெரும்பாலும் அவர்களிடமிருந்துதான் வருகிறது.

நம் தோட்டத்தில் அடிபட்டுச் சாவது எந்தப் பாம்பு என்று கொஞ்சம் பாருங்கள். எருக்குழியைக் கிளறும்போதும், உருளைக்கிழங்குப் பாத்தியை வெட்டும்போதும், மழைக்காலத்தில் ரோட்டு ஓரத்திலும் பழுப்பு நிறத்தில் ஒல்லியாக ஒன்று நெளியுமே, அந்தக் கேடயவால் பாம்புதான் அதிகம். பெரோட்டெட் என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளரின் பெயரை 1854இல் அதற்கு வைத்தார்கள். மண்ணுக்குள்ளேயே வாழும், மண்புழுவைத் தின்னும், முட்டையிடாமல் குட்டி போடும், நஞ்சு துளியும் கிடையாது, கையில் எடுத்தால்கூடக் கடிக்க முயலாது. மேற்குத் தொடர்ச்சி மலையில், அதுவும் நம் நீலகிரியைச் சுற்றித்தான் அதன் வாழ்விடம். அதை மண்ணுளி என்று நினைத்து, நக்கினால் குஷ்டம் வரும் என்று பயந்து மண்வெட்டியால் இரண்டாக வெட்டிப் போடுகிறார்கள். மண்ணுளி வேறு, அது காய்ந்த சமவெளியில் வாழ்வது. அதுவும் நக்கி யாருக்கும் குஷ்டம் வந்ததில்லை, குஷ்டம் கிருமியால் வருவது. இதைச் சொல்ல இரண்டு நிமிடம் போதும், ஆனால் யாராவது சொன்னால்தானே!

ஓணான் கதையும் இப்படித்தான். தேயிலைச் செடி மேலும் வேலி மேலும் பச்சையாக, முதுகில் முள் வரிசையோடு உட்கார்ந்திருக்கும் சாலியா என்ற மலை ஓணான் நீலகிரி, பழனி போன்ற மேற்குத் தொடர்ச்சி மலைகளை விட்டால் உலகில் வேறெங்கும் இல்லை. அது தின்பது பூச்சி. லைன் வீட்டுப் (தொழிலாளர் குடியிருப்பு) பிள்ளைகள் அதைக் கல்லால் அடிப்பதைப் பெரியவர்கள் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள், எனக்கு அதுதான் தாங்கவில்லை. அரணை கடித்தால் மரணம் என்பதும் பொய். ஆளைக் கொல்லும் நஞ்சுள்ள ஓணானோ பல்லியோ அரணையோ இந்தியாவில் ஒன்றுகூட இல்லை.

சரி, ஆபத்தான பாம்பே இல்லையா என்றால், இருக்கிறது. பிடரியில் குதிரை லாட வடிவில் ஒரு தடம் உள்ள சின்னக் குழிவிரியன் ஒன்று இந்த உயரத்தில் உண்டு. புல்லுக்கும் கல்லுக்கும் இடையில் அசையாமல் கிடக்கும், மிதித்தாலோ கை பட்டாலோ கடிக்கும். வலியும் வீக்கமும் கடுமையாக இருக்கும், உயிர் போவது மிக அரிது. பர்லியாறு, கல்லாறு என்று கீழே இறங்கினாலோ, கூடலூர், மசினகுடி பக்கம் போனாலோ நாகமும் விரியனும் உண்டு, அங்கே நிலைமையே வேறு.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். அரசு ஆஸ்பத்திரியில் இருக்கும் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்ற நான்கின் நஞ்சுக்கு எதிராகச் செய்யப்படுவது. அதற்கான நஞ்சில் பெரும் பங்கை 1978இல் தொடங்கிய வடநெம்மேலி இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தந்திருக்கிறது. குழிவிரியனுக்கு என்று தனி மருந்து நம் நாட்டில் கிடையாது. அதனால் கடித்தது எது என்று தெரிந்தால் டாக்டருக்கு உதவி, தூர நின்று போனில் ஒரு படம் எடுத்தால் போதும். பாம்பை அடித்துப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு ஓடுவதில் இரண்டாவது ஆளும் கடி வாங்குகிறார். பிளேடால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, கயிற்றால் இறுக்கிக் கட்டுவது மூன்றும் கெடுதல். குழிவிரியன் கடித்து வீங்குகிற கையை இறுக்கிக் கட்டினால் கை அழுகிப் போகும் அளவுக்குக்கூடப் போகலாம். மோதிரம், வளையலைக் கழற்றி, கை காலை அசைக்காமல் வைத்து, 108ஐக் கூப்பிட வேண்டும், அல்லது உங்கள் ஜீப்பை உடனே கொடுக்க வேண்டும். மேனேஜரிடம் கேட்டுவிட்டு வண்டி எடுக்கலாம் என்று யாரும் காத்திருக்கக் கூடாது. 2024இல் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் சேர்த்திருக்கிறது, ஆகவே கடியைப் பதிவில் வராமல் எஸ்டேட்டுக்குள்ளேயே முடித்துக்கொள்ளும் பேச்சும் இனி வேண்டாம்.

அப்புறம், பேச்சு மட்டும் போதாது. புதர் அடர்ந்த காட்டில் கவாத்து செய்பவர்களுக்கும் களை எடுக்கும் பெண்களுக்கும் கம்பூட்ஸும் கையுறையும் கொடுங்கள். ரப்பர் செருப்போடு ஒருவரை அனுப்பிவிட்டு அவர் பாம்பைக் கண்டு பயப்படக் கூடாது என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. லைன் வீடுகளுக்குப் பின்னால் விறகையும் குப்பையையும் குவித்து வைத்தால் எலி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும். குப்பையை அள்ள ஆள் போடுவது உங்கள் பொறுப்பு. பாம்புகள் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை என்பதும் உங்களுக்குத் தெரியும், ஆனால் சட்டத்தைக் காட்டி மிரட்டி இதைச் செய்ய வேண்டாம். படத்தைக் காட்டி, பெயர் சொல்லி, கேள்வி கேட்க விட்டுச் செய்யுங்கள்.

பெரட்டுக் களத்தில் ஒரு போர்டும் வையுங்கள். நம் மலைப் பாம்புகளின் படம், வனத்துறை ரேஞ்ச் ஆபீஸ் எண், குன்னூர் லாலி ஆஸ்பத்திரி எண், ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி எண், ராத்திரியில் வண்டி ஓட்டுபவரின் எண், இவ்வளவும் பெரிய எழுத்தில் தமிழில் இருக்க வேண்டும். அடுத்த கவாத்து தொடங்குவதற்குள் இதைச் செய்யுங்கள்.

அன்புடன்,
குன்னூரிலிருந்து ஒரு தோட்டத் தொழிலாளியின் மகள்