மைனஸ் இரண்டு எப்படி வந்தது? பாடநூல் எழுதுபவர்களுக்கும் வினாத்தாள் அமைப்பவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மேல்நிலை வகுப்புகளுக்குக் கணிதப் பாடநூல் எழுதுபவர்களுக்கும், தேர்வுக்கு வினாத்தாள் அமைப்பவர்களுக்கும் வணக்கம்.

பல ஆண்டுகளாக மேல்நிலை மாணவர்களுக்குக் கணிதம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். தொடர்வரிசைகளும் தொடர்களும் என்ற ஒரே ஒரு பாடத்தைப் பற்றி உங்களிடம் பேச வேண்டும். அண்மையில் நான் திருத்திய ஒரு விடைத்தாள்தான் இதை எழுத வைத்தது.

2 + 4 + 8 + 16 + … என்று முடிவில்லாமல் போகும் தொடருக்குக் கூடுதல் உண்டா என்று கேட்டிருந்தேன். முதல் உறுப்பு 2, பொது விகிதம் (ஓர் உறுப்பை எந்த எண்ணால் பெருக்கினால் அடுத்தது வருமோ அந்த எண்) 2 என்று ஒரு மாணவி சரியாக எடுத்து எழுதியிருந்தாள். பிறகு ஒன்றிலிருந்து பொது விகிதத்தைக் கழித்து, வந்த எண்ணால் முதல் உறுப்பை வகுத்திருந்தாள். விடை −2. அடியில் இரண்டு கோடு வேறு. கூட்டுகிற எண் ஒவ்வொன்றும் மிகை எண், கூட்டக் கூட்ட ஏறிக்கொண்டே போகிறது, அது எப்படிக் குறை எண்ணில் போய் நிற்கும் என்ற சந்தேகமே அவளுக்கு வரவில்லை. கூப்பிட்டுக் கேட்டேன். "ஃபார்முலா அப்படித்தானே சார் இருக்கு?" என்றாள்.

அவள் நன்றாகப் படிக்கிற பிள்ளை. அவளிடம் நான் குறை காணவில்லை. ஒரு கட்டத்துக்குள் சூத்திரம், கீழே நான்கு எடுத்துக்காட்டு, அப்புறம் இருபது பயிற்சிக் கணக்கு. இப்படித்தான் அந்தப் பாடம் அவள் கைக்கு வந்து சேர்ந்தது. சூத்திரம் எங்கிருந்து வந்தது, எதுவரை செல்லும் என்பதை யாரும் அவளிடம் காட்டவில்லை.

பாடநூல் எழுதுபவர்களே, அந்தக் கட்டத்துக்கு முன்னால் அரைப்பக்கம் ஒதுக்குங்கள். ஒரே எண்ணைக் கூட்டிக் கூட்டி அடுத்த உறுப்பு வரும் கூட்டுத்தொடருக்கு அதற்கு மேல் தேவைப்படாது. 3, 7, 11, 15, 19 என்று எழுதச் சொல்லுங்கள். அதன் கீழே அதையே திருப்பி 19, 15, 11, 7, 3 என்று எழுதட்டும். மேலும் கீழும் கூட்டினால் எங்கே பார்த்தாலும் 22. ஐந்து 22 சேர்ந்தால் 110, அதில் பாதி 55. சூத்திரம் முழுவதும் இதற்குள் இருக்கிறது. பின்னாளில் பெரிய கணித மேதையான காஸ், சிறுவனாக இருந்தபோது 1 முதல் 100 வரை நொடியில் கூட்டிய கதை எல்லா வகுப்பிலும் சொல்லப்படுகிறது. நல்ல கதைதான். ஆனால் முதல் உறுப்பையும் கடைசி உறுப்பையும் கூட்டி, உறுப்புகளின் எண்ணிக்கையில் பாதியால் பெருக்கு என்ற விதியை 499-ஆம் ஆண்டிலேயே ஆரியபட்டர் எழுதி வைத்துவிட்டார். மேதைப் பையன் ஒருவனுக்கு மட்டும் தோன்றக்கூடிய வித்தை இது என்று பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது. திருப்பி எழுதிப் பார்க்கிற யாருக்கும் இது பிடிபடும்.

ஒரே எண்ணால் பெருக்கிப் பெருக்கி அடுத்த உறுப்பு வரும் பெருக்குத்தொடருக்கு வேறு தந்திரம். 1 + 3 + 9 + 27 + 81 என்று எழுதி, அதை 3-ஆல் பெருக்கி 3 + 9 + 27 + 81 + 243 என்று கீழே எழுதுங்கள். கீழே இருப்பதிலிருந்து மேலே இருப்பதைக் கழித்தால் நடுவில் உள்ளதெல்லாம் அடிபட்டுப் போய் 243 − 1 மட்டும் மிஞ்சும். அது கூடுதலின் இருமடங்கு. ஆகவே கூடுதல் 121. இதைத் தன் கையால் ஒருமுறை செய்து பார்த்த பிள்ளை, சூத்திரம் மறந்துபோனாலும் தேர்வறையில் தவிக்காது.

இன்னொன்று. பொது விகிதம் ஒன்றைவிடப் பெரிதானால் ஒரு சூத்திரம், சிறிதானால் இன்னொரு சூத்திரம் என்று தனித்தனிக் கட்டம் போடுவதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். தொகுதியிலும் பகுதியிலும் குறியை மாற்றினால் இரண்டும் ஒன்றுதான். அதைச் சொல்லாமல் விடுவதால் பிள்ளைகள் இரண்டையும் மனப்பாடம் செய்து, எது எதற்கு என்று குழம்புகிறார்கள். பொது விகிதம் சரியாக 1 ஆக இருந்தால்தான் உண்மையில் தனியாகப் பேச வேண்டும். அங்கே பூச்சியத்தால் வகுக்க நேரும். 5 + 5 + 5 + 5-க்குச் சூத்திரமே வேண்டாம் என்பது பிள்ளைகளுக்கே தெரியும், கேட்டால் சொல்வார்கள்.

முடிவிலாப் பெருக்குத்தொடருக்கு வருவோம், மைனஸ் இரண்டு பிறந்த இடம் அதுதான். 'பொது விகிதம் ஒன்றைவிடச் சிறிதாக இருக்க வேண்டும்' என்று மட்டும் மனதில் பதிந்துவிட்டால் −3-ம் உள்ளே வந்துவிடும். 1 − 3 + 9 − 27 + … என்ற தொடருக்கு விடை கால் என்று எழுதுகிறவர்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்த்தால் 1, −2, 7, −20 என்று இரண்டு பக்கமும் எகிறிக்கொண்டே போகிறது. −1-க்கும் 1-க்கும் இடையில் என்று எழுதுங்கள். எழுதினால் மட்டும் போதாது, ஏன் என்றும் காட்டுங்கள்.

அதைக் காட்ட என் கைவசம் ஒரு வழி உண்டு. பரவளையத்தின் ஒரு துண்டுக்குப் பரப்பளவு காண ஆர்க்கிமிடீஸ் கையாண்ட வழி அது. 1, கால், பதினாறில் ஒன்று என்று ஒவ்வோர் உறுப்பும் முந்தியதில் காலாகிக்கொண்டே போகும் தொடர் அவர் முன் இருந்தது. எங்கே நிறுத்தினாலும், கடைசி உறுப்பின் மூன்றில் ஒரு பங்கைக் கூடவே சேர்த்துப் பார்த்தார். 1-இல் நிறுத்தினால் 1 + 1/3, அதாவது 4/3. காலில் நிறுத்தினால் 1 + 1/4 + 1/12. அதுவும் 4/3. அடுத்ததில் 1 + 1/4 + 1/16 + 1/48, திரும்பவும் 4/3. எத்தனை உறுப்பு எடுத்தாலும் 4/3-க்குக் குறைவது கடைசி உறுப்பின் மூன்றில் ஒரு பங்குதான், அதுவும் நாலில் ஒன்றாகத் தேய்ந்துகொண்டே வருகிறது. கரும்பலகையில் மூன்றாவது வரி எழுதும்போது வகுப்பு அமைதியாகிவிடும். நெருங்குவது என்றால் என்ன என்று அங்கே அவர்கள் கண்ணால் பார்க்கிறார்கள்.

இதோடு நின்றுவிட்டால், உறுப்புகள் தேய்ந்தாலே கூடுதல் ஓரிடத்தில் நிற்கும் என்று தப்பாக எண்ணிவிடுவார்கள். அதனால் 1 + 1/2 + 1/3 + 1/4 + … என்ற இசைத்தொடரையும் ஒரு பத்தியில் சேருங்கள். முதல் 1000 உறுப்புகளைக் கூட்டினாலும் 7.5-ஐத் தொடாது. ஆனாலும் அது எந்த எல்லைக்கும் அடங்காது. 1/3 + 1/4 அரையைத் தாண்டும், 1/5 முதல் 1/8 வரை நான்கும் சேர்ந்தால் அரையைத் தாண்டும், அடுத்த எட்டும் அப்படியே, இப்படி அரை அரையாகச் சேர்ந்துகொண்டே போகும். 14-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் ஒரேம் சொன்ன நிரூபணம் இது. கூட்டல் தெரிந்தாலே புரிந்துவிடும்.

வினாத்தாள் அமைப்பவர்களிடமும் சில சொல்ல வேண்டும். '2, 4, 8, … அடுத்த உறுப்பு என்ன?' என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். 16 என்பது ஒரு விடை. 14-ம் விடையாகலாம், ஏனென்றால் தளத்தில் வட்டங்களை ஒன்றையொன்று வெட்டும்படி வரைந்தால் கிடைக்கும் அதிகபட்சப் பகுதிகள் 2, 4, 8, 14 என்றுதான் போகும். 'இது பெருக்குத் தொடர்வரிசை' என்ற மூன்று சொல்லைச் சேர்த்துவிடுங்கள், கேள்வி நேர்மையாகிவிடும். 17, 20, 23, … 83 என்பதில் எத்தனை உறுப்பு என்று கேட்டு, 22 என்று எழுதுகிறவருக்கு முழு மதிப்பெண்ணையும் வெட்டிவிடுவதும் வேண்டாம். அவர் எண்ணியது இடைவெளிகளை. ஐந்து விரலுக்கு நடுவே நான்கு இடைவெளி என்பது நினைவில் இருந்திருந்தால் 23 என்று எழுதியிருப்பார். வழிமுறைக்கு உரிய மதிப்பெண்ணைக் கொடுங்கள்.

சூத்திரத்தில் எண்ணைப் போட்டு விடை எடுக்கிற கேள்விகள் இருக்கட்டும், பத்தில் ஐந்து அப்படியே இருக்கட்டும். மீதியில் ஒன்றாவது இப்படி இருக்கலாமே: ஒரு கூட்டுத்தொடரில் முதல் 10 உறுப்புகளின் கூடுதலும் முதல் 14 உறுப்புகளின் கூடுதலும் சமம், அப்படியானால் முதல் 24 உறுப்புகளின் கூடுதல் என்ன? சூத்திரத்தை வைத்தும் போடலாம், ஒரு பக்கம் ஆகும். நின்று யோசிக்கிற பிள்ளையோ, 11 முதல் 14 வரை உள்ள நான்கும் சேர்ந்து பூச்சியம் என்று பார்க்கும். 11-ஆவதும் 14-ஆவதும் ஒன்றையொன்று சரிக்கட்டினால், 1-ஆவதும் 24-ஆவதும் அப்படியேதான், நடுவில் உள்ள இணைகளும் அப்படியேதான். விடை பூச்சியம், இரண்டே வரி.

இந்தக் கேள்வியை அந்த மாணவியிடமும் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து வந்து, 10-க்கும் 14-க்கும் பதிலாக 9-ஐயும் 16-ஐயும் போட்டால் முதல் 25 உறுப்புகளின் கூடுதல் பூச்சியமாகுமா என்று என்னிடம் கேட்டாள். ஆகும். நடுவில் இருக்கும் 13-ஆவது உறுப்பு தனியாக நிற்கிறதே, அதை என்ன செய்வது என்றும் அவளே கேட்டாள். அதுவே பூச்சியம்தான் என்று சொல்ல நான் வாய் திறப்பதற்குள் அவள் எழுதி முடித்துவிட்டாள்.

அன்புடன்,
ஒரு கணித ஆசிரியர்