ஏழு மணிக்கு மேடை கொடுங்கள்

கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்து மாரியம்மன் கோயில் விழாக் குழுப் பெரியவர்களுக்கு வணக்கம்.

நான் மெல்லிசைக் குழுவில் தபலாவும் டோலக்கும் வாசிப்பவன். பகலில் ஸ்பின்னிங் மில்லில் பிட்டர் வேலை. 31 வருடமாக உங்கள் ஊர் மேடைகளில் வாசித்து வருகிறேன். வரும் ஜூனில் 58 முடிந்து மில்லில் இருந்து ஓய்வு பெறுகிறேன். தபலாவை விட மனசில்லை. இனிமேல்தான் முழு மூச்சாக வாசிக்கப் போகிறேன். அதற்கு முன்னால் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும்.

பூச்சாட்டு நோட்டீசில் "இரவு 7 மணிக்கு மாபெரும் மெல்லிசைக் கச்சேரி" என்று அச்சடிக்கிறீர்களே, அந்த ஏழு மணிக்கே எங்களைத் தொடங்க விடுங்கள்.

போன பங்குனியில் ஓர் ஊரில் மாவிளக்கு அன்று ராத்திரி எங்கள் புரோகிராம். கூட வேலை செய்யும் தம்பியிடம் கெஞ்சி ஷிப்ட் மாற்றிக்கொண்டு, நான்கு மணிக்கு மில்லை விட்டு இறங்கி, இரண்டு பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தேன். ஆறரைக்கு மைக் டெஸ்ட் முடிந்தது. ஏழு மணிக்கு முன்வரிசையில் பாய் விரித்து அம்மாக்களும் ஆத்தாக்களும் உட்கார்ந்துவிட்டார்கள். அப்புறம் பொன்னாடை ஆரம்பித்தது. நன்கொடையாளர்கள், பந்தல் போட்டவர், வந்த பிரமுகர்கள், அவர்கள் ஒவ்வொருவரின் பேச்சு. முதல் பாட்டு தொடங்கியபோது மணி 9.10. பத்து மணிக்குப் போலீஸ் வந்து மைக்கை நிறுத்தச் சொன்னார்கள். ஒத்திகை பார்த்த 22 பாட்டில் எட்டுதான் பாடினோம். பேசிய பணத்தைக் குழுவினர் குறைக்காமல் கொடுத்தார்கள், அதில் வருத்தமே இல்லை. ஆனால் பாட்டுக் கேட்க வந்த அந்த ஆத்தாக்கள் ஒன்பது மணிக்கே பாயைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்கள். "நேயர் விருப்பம்" என்று பேரப்பிள்ளை கையில் ஒருவர் எழுதிக் கொடுத்தனுப்பிய சீட்டு கடைசிவரை என் சட்டைப் பையிலேயே இருந்தது.

போலீசைக் குறை சொல்வதற்கில்லை. இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது என்று 2000-இல் வந்த ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. 2005-இல் உச்ச நீதிமன்றமும் அதைக் கறாராகச் சொல்லிவிட்டது. திருவிழாக்களுக்காக நள்ளிரவு வரை மாநில அரசு தளர்த்தலாம், ஆனால் வருடத்துக்கு 15 நாளுக்கு மேல் முடியாது. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளும் நோயாளிகளும் இருக்கும் ஊரில் அது நியாயமான சட்டம்தான். முன்பெல்லாம் விடிய விடியக் கச்சேரி நடந்தது, பத்து மணிக்கு ஆரம்பித்தாலும் ஒன்றும் குறையவில்லை. இப்போது எங்களுக்கு இருப்பதே ஏழு முதல் பத்து வரைதான். பேச்சு எவ்வளவு நீண்டாலும் பத்து மணி தள்ளிப் போகாது. நறுக்கப்படுவது பாட்டுதான்.

வாத்தியத்துக்கும் காத்திருப்பு ஆகாது. ஆறரைக்குப் பாடகியின் சுதிக்குத் தபலாவைத் தட்டிச் சேர்த்து வைப்பேன். மேடை விளக்குச் சூட்டில் தோல் இறுகிச் சுதி ஏறும். நேரம் போய்ப் பனி இறங்கினால் தளர்ந்து இறங்கும். இரண்டு மணி நேரம் கழித்துச் சுத்தியலை எடுத்து மறுபடி முதலில் இருந்து. அதற்குள் "சீக்கிரம், சீக்கிரம்" என்று கீழே இருந்து சைகை. இன்டர்லூடை எல்லாம் வெட்டிப் பல்லவி, ஒரு சரணம் என்று ஓட்டுகிறோம். பதிவு செய்த இசை ட்ராக்கைப் போட்டுப் பாடினால் போதுமே என்று சில குழுக்கள் நினைக்கத் தொடங்கியதே இப்படி அவசரமாக வாசித்ததைக் கேட்டுத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. நிதானமாக மூன்று மணி நேரம் கொடுத்துப் பாருங்கள், டோலக் உருட்டலுக்கு உங்கள் ஊர்ச் சின்னப் பிள்ளைகள் எழுந்து ஆடுவதைப் பார்ப்பீர்கள்.

என் சொந்த நிலையையும் சொல்லிவிடுகிறேன். பிஎஃப் ஓய்வூதியத்தில் குறைந்தபட்சத் தொகை 2014-இல் இருந்து மாதம் 1,000 ரூபாய். எனக்கு அதைவிடக் கொஞ்சம் கூட வரும், அவ்வளவுதான். சீசனில் கிடைக்கும் கச்சேரிகள்தான் இனி வீட்டுச் செலவுக்கு. ஊர் எங்களை மறுபடி கூப்பிட வேண்டுமானால் முதல் தடவை முழுசாகக் கேட்டிருக்க வேண்டும்.

மரியாதை செய்ய வேண்டாம் என்று சொல்லவே இல்லை. நன்கொடை இல்லாமல் விழா இல்லை. ஆறு மணிக்குத் தொடங்கி ஆறே முக்காலுக்குள் பொன்னாடைகளை முடித்துவிடலாம். தாமதமாக வருகிறவர்களுக்கு எட்டரை மணிக்குப் பத்து நிமிடம் நாங்களே நிறுத்தித் தருகிறோம். அட்வான்ஸ் கொடுக்கும்போதே இதைப் பேசி எழுதிக்கொள்வோம்.

ஜூனுக்குப் பிறகு எனக்கு ஷிப்ட் மாற்ற வேண்டிய தேவை இல்லை. மத்தியானமே வந்துவிடுவேன். அந்தச் சீட்டு இன்னும் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. அடுத்த பங்குனியில் அந்த ஊர் கூப்பிட்டால், ஏழு மணிக்கு அதுதான் முதல் பாட்டு.

இப்படிக்கு,
உங்கள் ஊர் மேடைத் தபலாக்காரன்