வாய்ப்புண்ணும் பற்பசையும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் மருத்துவப் பகுதியில் வெளிவந்த வாய்ப்புண் கட்டுரை, உடல் சூடு, வைட்டமின் பி குறைபாடு, தூக்கமின்மை என்று வழக்கமான காரணங்களை எல்லாம் விளக்கிவிட்டு, நாள்தோறும் நாம் வாய்க்குள் கொண்டுபோகும் பற்பசையைப் பற்றி ஒரு வரியும் சொல்லாமல் விட்டது பெருங்குறை. மருந்துக் கடைகளிலும் இதே நிலைதான். உதட்டோரம் வெடித்து, கன்னத்தின் உட்புறம் எரிகிறது என்று வருபவருக்கு பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை கிடைக்கிறதே தவிர, எந்தப் பேஸ்ட்டில் பல் துலக்குகிறீர்கள் என்று யாரும் கேட்பதில்லை.

நுரைக்காகச் சேர்க்கப்படும் சோடியம் லாரில் சல்பேட் சிலருடைய வாயில் மெல்லிய தோலை உரியச் செய்வது எரிச்சலே அன்றி ஒவ்வாமை அன்று. உண்மையான ஒவ்வாமைக்குப் பெரும்பாலும் காரணமாவன மணத்துக்கும் சுவைக்கும் சேர்ப்பவை: லவங்கப்பட்டையில் உள்ள சின்னமால்டிஹைடு, கிராம்பில் உள்ள யூஜினால், புதினா வகை எண்ணெய்களில் உள்ள மென்தால், கார்வோன். மூலிகைப் பேஸ்ட் என்றால் கெடுதல் இராது என்று நம்புவோர் இந்தப் பெயர்களைச் சற்று கவனிக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் ஒத்துக்கொண்ட பேஸ்ட்டே திடீரென்று ஒவ்வாமல் போவதும் உண்டு. ஆகவே 'எப்போதும் இதைத்தானே பயன்படுத்துகிறேன்' என்பது அதைச் சந்தேகத்திலிருந்து விடுவிக்காது. வாய்க்குள் உமிழ்நீர் அப்பொருள்களைக் கரைத்துக் கழுவிவிடுவதால், உள்ளே எதுவும் தெரியாமல் உதடு மட்டும் சிவந்து செதில் செதிலாக உரிவதும் உண்டு. (இரண்டு வாரத்தில் ஆறாத புண் எதுவாயினும் அதை மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும், பேஸ்ட்டை மாற்றிப் பார்த்துக்கொண்டு காலம் கடத்தக் கூடாது.)

எந்தப் பொருள் ஒவ்வவில்லை என்பதைத் தோல் மருத்துவர்கள் பேட்ச் டெஸ்ட் மூலம் கண்டறிகிறார்கள். சந்தேகத்துக்குரிய பொருள்களை முதுகில் ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்து, பின்னர் 96 மணி நேரத்தில் மீண்டும் பார்ப்பார்கள். சோதனையில் பொருளின் பெயர் தெரிந்த பிறகுதான் உண்மையான சிக்கல் தொடங்குகிறது. அந்தப் பொருள் இல்லாத பேஸ்ட் எது என்று கடையில் நின்று தேடினால், நம் நாட்டுப் பேஸ்ட் குழாய்களில் பெரும்பாலும் 'ஃபிளேவர்' என்று மட்டுமே அச்சிட்டிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2005 முதலே, சின்னமால்டிஹைடு, யூஜினால் உள்ளிட்ட 26 மணப்பொருள்கள், பற்பசை போன்ற கழுவிவிடும் தயாரிப்புகளில் 0.01 சதவீதத்தைத் தாண்டினால் பெயர் குறிப்பிடப்பட வேண்டும் என்ற விதி இருக்கிறது. 2023இல் மென்தாலும் கார்வோனும் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. பிரேசிலில், புதிய கலவையுடன் வந்த ஒரு பற்பசையால் வாய் எரிச்சலும் வீக்கமும் ஏற்பட்டதாகப் பலர் புகார் செய்ததை அடுத்து, அந்நாட்டுச் சுகாதார ஒழுங்குமுறை அமைப்பான அன்விசா 2025 மார்ச்சில் அதன் விற்பனையை நிறுத்தி வைத்தது. பாதிக்கப்பட்டவர்கள் புகார் செய்ததும், அதைக் கேட்டுக்கொள்ள ஓர் அமைப்பு இருந்ததுமே அதற்குக் காரணம்.

2020ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருள் விதிகளைத் திருத்தி, ஒவ்வாமை தரக்கூடிய மணப்பொருள்களைப் பற்பசை, வாய் கொப்பளிக்கும் திரவம் ஆகியவற்றின் உறைகளில் பெயர் சொல்லி அச்சிட வேண்டும் என்று மத்திய அரசு கட்டாயமாக்க வேண்டும். அதுவரையில், வாய்ப்புண்ணுடன் வருபவர்களிடம் அவர்கள் பயன்படுத்தும் பேஸ்ட்டைக் குழாயோடு கொண்டுவரச் சொல்லும் வழக்கத்தைப் பல் மருத்துவர்களாவது தொடங்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர் ஒருவர்,
கும்பகோணம்.