பயற்றங்கொடியில் அசுவினி: மருந்துக்கு முன் தண்ணீர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிப் புளோக்குகளின் பொதுத் தாழ்வாரத்தில் பயற்றங்காயும் அவரையும் வளர்ப்போர், தளிர் நுனியில் அசுவினி என்னும் சாறுறிஞ்சும் சிறு பூச்சி மொய்ப்பதைக் கண்டதும் கரப்பான்பூச்சிக்கு அடிக்கும் மருந்துப் புட்டியைத் தேடுகிறார்கள். நானும் அப்படிச் செய்தவள்தான் என்பதால், அதனால் நேர்ந்ததை எழுதுவது சிலருக்கேனும் பயன்படும் என்று எண்ணுகிறேன்.

தேசியப் பூங்காக் கழகம் 2020ஆம் ஆண்டு வீடுகளுக்கு இலவச விதைப் பொட்டலங்களை அனுப்பியபோது கீரையில் தொடங்கிய என் தோட்டம், பிறகு பயற்றங்காய்க்கு வந்தது. சன்னல் கம்பியில் ஏறிய கொடி பூவெடுத்த வாரத்தில், இலைகளின்மேல் மாவு தூவியதுபோல் வெள்ளையாக ஏதோ கிடந்தது. பூசணம் என்றே நினைத்தேன். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தபோதுதான் அவை அசுவினி உரித்துப்போட்ட தோல்கள் என்பது தெரிந்தது. முதிர்வதற்குள் அது நான்கு முறை தோலுரிக்கும். தளிரின் காம்பே தெரியாதபடி, மினுமினுக்கும் கறுப்பில் தாய்ப்பூச்சிகளும் சாம்பல் பூத்த நிறத்தில் குஞ்சுகளும் அப்பிக் கிடந்தன.

மருந்தை அடித்தேன். இரண்டே நாளில் தளிர் கருகியது. இரண்டு வாரத்தில் பக்கக் கிளைகளில் அசுவினி முன்னைவிடப் பெருகியிருந்தது. நம்மைப் போன்ற வெப்ப நாடுகளில் இந்தக் கறுப்பு அசுவினி ஆணின் துணையின்றியே, முட்டையிடாமல் நேராகக் குஞ்சு ஈனுவதாலும், அந்தக் குஞ்சு ஏறத்தாழ ஒரு வாரத்தில் தானும் ஈனத் தொடங்கிவிடுவதாலும், மருந்துக்குத் தப்பிய ஒரு சிலவே மீண்டும் கொடியை நிறைக்கப் போதும். அவற்றைத் தின்ன வந்தவையோ மருந்தில் மடிந்துவிட்டன. கருத்த உடலில் செம்மஞ்சள் புள்ளியுடன் ஊர்ந்த ஒன்றை இன்னொரு பகைப்பூச்சி என்றே எண்ணிக் குறிபார்த்து அடித்திருந்தேன். அது பொறிவண்டின் புழு.

தரையில் வளரும் செடிக்கு ஒரு பெருமழையே பாதி வேலையைச் செய்துவிடும், அடித்து விழும் துளியில் அசுவினி உதிர்ந்துபோகும். கூரையின் கீழுள்ள தாழ்வாரத்துக் கொடிக்கு அந்த மழை கிடைப்பதில்லை. குழாய்நீரைப் பீய்ச்சினாலோ கீழ்மாடிக்காரரின் கழியில் காயும் துணி நனையும். அந்தச் சச்சரவையும் பார்த்தாயிற்று. ஆகவே தளிருக்கு அடியில் வாளியை வைத்து, நனைத்த விரல்களால் காம்பிலிருந்து நுனிவரை மெல்ல வழித்து எடுத்துவிடுகிறேன். ஒருநாள் விட்டு ஒருநாள், இரண்டு வாரம் செய்ய வேண்டும். நுனி முழுவதும் மூடிப்போயிருந்தால் கிள்ளி எறிவதே நல்லது. அதற்கும் அடங்காவிட்டால், ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லிலிட்டர் வேப்பெண்ணெயைச் சில துளி சோப்புடன் கலக்கி, முதலில் ஓர் இலையில் சோதித்துவிட்டு, வெயில் தாழ்ந்தபின் இலையின் அடிப்புறத்தில் தெளிக்கலாம்.

எறும்பைக் கவனிக்காமல் இதையெல்லாம் செய்வது வீண். அசுவினி கழிக்கும் இனிப்புப் பிசுக்குக்காக எறும்புகள் அதைக் காவல் காத்து, பொறிவண்டை விரட்டியடிக்கின்றன. எறும்பு ஏறாதிருக்கத் தொட்டியைத் தண்ணீர்த் தட்டில் வைப்பவர்கள் ஏடிஸ் கொசுவுக்கு இடம் கொடுக்கிறார்கள். நான் தொட்டி நிற்கும் முக்காலியின் கால்களில் வாசலின் தடவிவிட்டு, கொடி சுவரைத் தொடாமல் பார்த்துக்கொள்கிறேன். உரத்தையும் குறைத்தேன். தழைச்சத்து மிகுந்தால் தளிர் இளசாகி அசுவினிக்கு விருந்தாகும். பயறு வகைக்கு அந்தச் சத்தை வேர்முடிச்சுகளே ஓரளவு சேர்த்துத் தருகின்றன.

2005ஆம் ஆண்டு தொடங்கிய சமூகத் தோட்டத் திட்டத்தால் இன்று பல பேட்டைகளில் தோட்டங்கள் உள்ளன. அவற்றின் அறிவிப்புப் பலகைகளில் பொறிவண்டுப் புழுவின் பெரிய படத்தைத் தமிழ்ப் பெயருடன் ஒட்டிவைக்குமாறு தோட்டக் குழுக்களைக் கேட்டுக்கொள்கிறேன். தங்கள் நாளிதழும் அந்தப் படத்தை ஒருமுறை வண்ணத்தில் வெளியிட்டால், கத்தரித்து எங்கள் மின்தூக்கி அருகில் ஒட்டிவைக்க நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஈசூன் வாசகி