சர்க்கரைக் கணக்கு

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் தள்ளிப்போனதற்குச் சோம்பல் காரணம் இல்லை, என் தேனீப் பெட்டிகளில், தேனீ மேல் ஒட்டி வாழும் வரோவா உண்ணியை எண்ணிக்கொண்டிருந்தேன். சிரிக்காதே, நிஜமாகத்தான்.

'என் பெட்டியெல்லாம் சுத்தம்' என்று போன கடிதத்தில் பீற்றிக்கொண்டேன் இல்லையா? அதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். தேனீயைக் கொல்ல எனக்கு மனசு வராது என்பது உனக்குத் தெரியும். அதனால் இதுவரை பொடித்த சர்க்கரையில்தான் சோதித்து வந்தேன். அரைக் கப் தேனீ, கிட்டத்தட்ட 300 இருக்கும். வலைமூடி போட்ட பாட்டிலுக்குள் விட்டு, சர்க்கரை தூவி உருட்டினால் உண்ணியின் பிடி நழுவும். கவிழ்த்து உதறினால் வலை வழியே உதிரும். தேனீக்கள் விபூதி பூசிய சாமியார்கள் மாதிரி வெள்ளை வெளேரென்று, கடுங்கோபத்தோடு கூட்டுக்குத் திரும்பும். விழுந்தவை இரண்டே இரண்டு உண்ணி. நிம்மதியாகத் தூங்கினேன்.

பத்து நாள் கழித்து அதே பெட்டியின் வாசலில் ஒரு தேனீ ஊர்ந்துகொண்டிருந்தது. சிறகுகள் கசக்கிப்போட்ட காகிதம் போல. வரோவா உண்ணி பரப்புகிற வைரஸின் வேலை அது. மறுநாள் மனசைக் கல்லாக்கிக்கொண்டு, செத்துப்போகும் என்று தெரிந்தும் அதே அளவு தேனீயை ஆல்கஹாலில் அலசினேன், இராணி உள்ளே மாட்டவில்லை என்று இரண்டு முறை பார்த்துவிட்டுத்தான். 14 உண்ணி, அதாவது நூற்றுக்குக் கிட்டத்தட்ட ஐந்து! நூற்றுக்கு மூன்று வந்தாலே பலரும் மருந்தை எடுத்துவிடுவார்கள்.

சர்க்கரையை மட்டும் குறை சொல்ல முடியாது. தப்பு என்னுடையது. கைக்கு வாகாக இருக்கிறதே என்று தேன் சட்டத்திலிருந்தே (தேன் நிறைந்த அடை உள்ள மரச்சட்டம்) தேனீ எடுத்துக்கொண்டிருந்தேன். உண்ணியோ புழுவுக்கு ஊட்டும் இளம் தேனீக்களின் மேல்தான் அதிகம் தொற்றியிருக்கும்; தேனீக்கள் மெழுகால் மூடப்போகிற புழு அறைக்குள் குதிக்க அதுதானே வசதி. இந்தத் தடவை புழு வளரும் அடை உள்ள புழுச் சட்டத்திலிருந்து எடுத்தேன். இதுவும் வெளியே திரிகிறவற்றின் கணக்குதான். புழு வளர்ப்பு நடக்கும்போது பாதிக்கு மேல் மூடிய அறைகளுக்குள் இருக்கும். ஆண் தேனீ அறை ஒன்றைக் கீறிப் பார்த்தேன். பால்வெள்ளைக் கூட்டுப்புழுவின் வயிற்றில் செம்பழுப்பாக, நீளத்தைவிட அகலம் கூடிய ஒரு பொட்டு. பக்கத்தில் நிறம் ஏறாத அதன் பிள்ளைகள். ஆண் அறைகள் கூடுதல் நாள் மூடியிருப்பதால் அங்கே பிள்ளைகளும் கூடுதல். உண்ணிக்கு மருந்தாக ஃபார்மிக் அமிலம் வைத்திருக்கிறேன். அதன் ஆவி மூடிக்குள்ளும் போகும்.

நீ எழுதியிருந்தாயே, ஒல்லியாக, அடையின் மேல் சரசரவென்று ஓடுகிற ஒன்று? அது டிராபிலேலாப்ஸ் என்கிற வேறொரு வகை உண்ணியாக இருக்கலாம். அதற்குப் புழுதான் சாப்பாடு, வளர்ந்த தேனீயைக் கடித்துத் தின்ன முடியாது. அதனால் பாட்டிலில் அவ்வளவாகச் சிக்காது. தேனீக்களை உதறிவிட்டு, புழுச் சட்டத்தை ஒரு வெள்ளைத் தட்டின் மேல் நன்றாகத் தட்டிப் பார்.

சரி, எண்ணியதை எழுது. சர்க்கரைக் கணக்கு வேண்டாம்.

உன்,
ராமு